ஐக்யூ மதிப்பெண்: கொங்கு நாட்டுப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரங்களில் குழந்தைகளுக்கு நுண்ணறிவுச் சோதனை செய்வது என் தொழில். அறிக்கையைக் கையில் வாங்கியதும் பெற்றோரும், சில வேளைகளில் உடன் வரும் பாட்டி தாத்தாக்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கு நான் சொல்லிவரும் விடைகளை, ஆய்வுகள் காட்டும் அளவுக்கு மட்டும், இங்கே எழுதி வைக்கிறேன்.

என் மகளுக்கு 92 வந்திருக்கிறது. நூற்றுக்கு 92 என்றால் நல்ல மதிப்பெண்தானே?

இது நூற்றுக்கு வாங்கிய மதிப்பெண் அன்று. தேர்வுத் தாளைப் பார்த்துப் பழகிய நமக்கு 92 என்றதும் மகிழ்ச்சியும் 105 என்றதும் குழப்பமும் வருவது இயல்பே. ஐக்யூ, அதாவது 'நுண்ணறிவு ஈவு', என்பது ஒப்பீட்டு எண். அதே வயதுடைய பெருந்தொகையான குழந்தைகளுக்கு முதலில் சோதனை நடத்தி, அவர்களுடைய சராசரியை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். சராசரியிலிருந்து விலகும் அளவு 15 என்ற படியால் கணக்கிடப்படுகிறது. அப்படிப் பார்த்தால் மக்களில் ஏறத்தாழ 68 விழுக்காட்டினர் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள். 95 விழுக்காட்டினர் 70க்கும் 130க்கும் இடையில் அடங்குவார்கள். உங்கள் மகளின் 92 சராசரி எல்லைக்குள் இருக்கிறது. அதில் பெருமைப்படவோ வருந்தவோ எதுவுமில்லை.

இன்னொன்றும் உண்டு. எந்தச் சோதனையும் பிழையற்றது அன்று. பரவலாகப் பயன்படும் வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனையை முறையாக நடத்தினால்கூட ஐந்தாறு புள்ளிகள் மேலும் கீழும் இருக்க வாய்ப்புண்டு. ஆகவே 92 என்பதை '86க்கும் 98க்கும் இடையில் எங்கேயோ' என்று படிப்பதே நேர்மையானது. இந்த இடைவெளியைக் குறிப்பிடாமல் ஒற்றை எண்ணை மட்டும் அச்சிட்டுத் தரும் அறிக்கை அரைகுறை அறிக்கை என்பது என் கருத்து.

இந்தச் சோதனையை யார், எதற்காக உருவாக்கினார்கள்?

பள்ளிப் பாடத்தில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து உதவ வழி தேடிப் பிரெஞ்சு அரசு 1904ஆம் ஆண்டில் ஒரு குழுவை அமைத்தது. அதில் பங்கேற்ற ஆல்ஃபிரட் பினே, தியடோர் சிமோன் என்ற மருத்துவருடன் சேர்ந்து 1905இல் முதல் அளவுகோலை வெளியிட்டார். எளிதிலிருந்து கடினத்துக்குச் செல்லும் 30 பணிகள் அதில் இருந்தன. எந்தக் குழந்தைக்குக் கூடுதல் கவனம் தேவை என்று அறிவது மட்டுமே அதன் நோக்கம். அறிவு மாறாத ஒன்று என்று கருதியவர்களைப் பினே வெளிப்படையாகவே கண்டித்து எழுதினார். 1911இல் அவர் இறந்துவிட்டார்.

அடுத்த ஆண்டே ஜெர்மானியரான வில்லியம் ஸ்டெர்ன், மன வயதை உண்மை வயதால் வகுக்கும் யோசனையை முன்வைத்தார். அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் அந்த ஈவை 100ஆல் பெருக்கி 1916இல் தம் சோதனையில் சேர்த்தார். பத்து வயதுக் குழந்தை பன்னிரண்டு வயதினர் செய்வதைச் செய்தால் 120. இந்தக் கணக்கு பெரியவர்களுக்கு ஒத்துவராது. நாற்பது வயதுக்காரருக்கு மன வயது ஐம்பது என்பதற்குப் பொருளே இல்லை. ஆகவே டேவிட் வெக்ஸ்லர் 1939இல், மேலே சொன்ன சராசரி விலகல் முறைக்கு மாறினார். இன்று நாம் பயன்படுத்துவது அதையே. 'ஈவு' என்ற பெயர் மட்டும் பழைய வழக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வெளிநாட்டில் செய்த சோதனை நம் குழந்தைகளுக்கு எப்படிப் பொருந்தும்?

அப்படியே எடுத்து வந்தால் பொருந்தாது. அதனால்தான் இந்தியப் பதிப்புகள் வந்தன. வி. வி. காமத் பினேயின் சோதனையைக் கன்னடம், மராத்தி பேசும் குழந்தைகளுக்காக மாற்றியமைத்தார். 'பினே-காமத்' என்ற பெயரில் அது இன்றும் பல மருத்துவமனைகளில் புழங்குகிறது. சி. எம். பாட்டியா 1955இல் கட்டைகளை அடுக்குதல், படத்துண்டுகளைச் சேர்த்தல் போன்ற செயல்களைக் கொண்ட தொகுதியை வெளியிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் கருத்தில் கொண்டது அது. வெக்ஸ்லரின் குழந்தைகள் சோதனையை நாக்பூரில் இருந்த மேலின் 1969இல் இந்தியச் சூழலுக்கு ஏற்ப வெளியிட்டார். 1938இல் ஜான் ரேவன் வெளியிட்ட வடிவக் கட்டச் சோதனைக்கு மொழி ஏறத்தாழத் தேவையே இல்லை. விடுபட்ட கட்டத்துக்கு உரிய வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

கொங்கு நாட்டில் மொழிச் சிக்கல் சற்றுக் கூடுதலாகவே உண்டு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் கேட்கும் குழந்தைகள் இங்கே ஏராளம். தாளவாடி மலைக்கு மேலே போனால் கன்னடமே முதல் மொழி. திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளுக்கு வந்த ஒடிய, பீகார்த் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்வளச் சோதனை வைத்தால் அறிவு எவ்வளவு என்று தெரியாது, இங்கே வந்து எத்தனை மாதம் ஆயிற்று என்பதுதான் தெரியும். குழந்தை எந்த மொழியில் கனவு காண்கிறதோ அந்த மொழியில் சோதிக்க வேண்டும் என்பதே என் நடைமுறை. அது இயலாதபோது மொழி சாராத பகுதிகளின் மதிப்பெண்ணை மட்டும் தனியே எழுதித் தருகிறேன்.

சிறுவயது மதிப்பெண் பெரியவனான பிறகும் அப்படியே இருக்குமா?

பெருமளவு இருக்கும், முழுவதுமாக அன்று. ஸ்காட்லாந்தில் 1932 ஜூன் முதல் நாளன்று, 1921இல் பிறந்த ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும், 87,000க்கும் மேற்பட்டோருக்கு, ஒரே சோதனை நடத்தப்பட்டது. அந்தத் தாள்கள் அழியாமல் கிடைத்ததால், அவர்களுள் சிலரை 77 வயதில் தேடிப்பிடித்து அதே சோதனையை ஆய்வாளர்கள் மறுபடியும் நடத்தினர். இரு மதிப்பெண்களுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.63, முழுப் பொருத்தம் என்றால் அது 1 ஆக இருக்க வேண்டும். ஆனால் இது பதினொரு வயதில் தொடங்கிய கணக்கு. மூன்று நான்கு வயதில் எடுத்த எண்ணை வைத்து எதிர்காலத்தைச் சொல்ல நான் துணியமாட்டேன்.

அறிவு பரம்பரையா, வளர்ப்பா?

இரட்டையர் ஆய்வுகள் மரபுக்குப் பெரிய பங்கு உண்டு என்றே காட்டுகின்றன. பல நாடுகளின் இரட்டையர்களை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வில், மக்களிடையே காணும் வேறுபாட்டில் மரபின் பங்கு ஒன்பது வயதில் ஏறத்தாழ 41 விழுக்காடு, பன்னிரண்டில் 55, பதினேழில் 66 என்று உயர்ந்துகொண்டே போனது. வயது ஏற ஏறச் சூழலின் பங்கு கூடும் என்று எதிர்பார்ப்போருக்கு இது வியப்பாக இருக்கும். வளர வளரப் பிள்ளைகள் தம் இயல்புக்கு ஏற்ற நட்பையும் வாசிப்பையும் தாமே தேடிக்கொள்கிறார்கள் என்பது பொதுவாகத் தரப்படும் விளக்கம்.

இந்த விழுக்காட்டைத் தவறாகப் புரிந்துகொள்வோர் மிகுதி. '60 விழுக்காடு பரம்பரை' என்றால் உங்கள் மகனின் அறிவில் அறுபது பங்கு உங்களிடமிருந்து வந்தது என்று பொருளில்லை. ஒரு குறிப்பிட்ட மக்கள்தொகையில், அன்றைய சூழலில், ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் எவ்வளவு மரபு வேறுபாட்டோடு சேர்ந்து வருகிறது என்பதே அதன் பொருள். சூழல் மாறினால் அந்த எண்ணும் மாறும். அமெரிக்காவில் எரிக் டர்க்ஹைமர் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வசதியான குடும்பங்களின் ஏழு வயது இரட்டையரிடம் மரபின் பங்கு மிகுதியாகவும், வறிய குடும்பங்களின் இரட்டையரிடம் அது ஏறத்தாழ இல்லாமலும் இருந்தது. தண்ணீர் தாராளமாகப் பாயும் வயலில்தான் விதைக்கு விதை உள்ள வேறுபாடு தெரியும். காய்ந்த மேட்டாங்காட்டில் நல்ல விதையும் சோடை விதையும் ஒன்றாகவே கருகும்.

அப்படியானால் சில சாதியினருக்கு அறிவு கூடுதல் என்று சொல்வது சரிதானே?

சரியில்லை. மேலே சொன்ன வயலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மூட்டைச் சோளத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வாய்க்கால் பாயும் தோட்டத்திலும் மறு பாதியைச் சரளை நிலத்திலும் விதைத்தால், ஒவ்வொரு நிலத்துக்குள்ளும் உயர வேறுபாடு விதையால் வந்ததாக இருக்கும். இரண்டு நிலங்களுக்கு இடையிலான வேறுபாடு முழுக்க மண்ணால் வந்ததாக இருக்கும். குழுவுக்குள் மரபு செயல்படுகிறது என்பது, குழுக்களுக்கு இடையிலான வேறுபாடு மரபால் வந்தது என்பதற்குச் சான்றாகாது.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்குத் தாளில் வழிகண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதி குறிப்பிடப்படாதபோது ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களும் மற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு புதிர்களைத் தீர்த்தனர். ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் சாதியையும் எல்லோர் முன்னிலையிலும் அறிவித்த வேறு குழுக்களில், ஒடுக்கப்பட்ட சிறுவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை தெளிவாகக் குறைந்திருந்தது. குழுவுக்குக் குழு மாறியது அறிவிப்புதான், மூளை அன்று. வகுப்பறையில் உதவித்தொகைப் பட்டியலைச் சாதி சொல்லி உரக்க வாசிக்கும் ஆசிரியர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

மாமன் மகளை மணந்தால் பிள்ளைக்கு அறிவு குறையுமா?

கூட்டம் (குலம்) பார்த்துப் பெண் எடுக்கும் வழக்கம் தந்தைவழி உறவை விலக்குகிறதே தவிர, தாய்மாமன் வழி உறவை விலக்குவதில்லை. முறை என்ற அளவில் அது சரி; மரபணுவுக்கு முறை தெரியாது. ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பேரின் மரபணுவை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வின்படி, மாமன்-அத்தை பிள்ளைகள் மணந்து பெறும் குழந்தைகள் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைவாகவும், பத்து மாதக் கல்வி குறைவாகவும் இருப்பார்கள் என்று கணிக்கப்பட்டது. சிந்தனைத் திறனிலும் சிறு குறைவு தென்பட்டது. இது சராசரியில் காணும் சிறிய விளைவு. நான் உண்மையில் அஞ்சுவது வேறொன்றை: இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே பழுதுபட்ட மரபணு குழந்தையிடம் ஒன்றுசேர்ந்தால் வரும் அரிய நோய்கள் அறிவு வளர்ச்சியை அடியோடு பாதிக்கலாம். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே மணந்துவரும் குடும்பங்கள் மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் முந்தைய தலைமுறையைவிட அறிவாளிகளா?

சோதனை அப்படித்தான் சொல்கிறது. அதற்கு என்ன பொருள் என்பதுதான் சுவையான கேள்வி. நியூசிலாந்தில் வாழ்ந்த ஜேம்ஸ் ஃபிளின் 1984இலும் 1987இலும் வெளியிட்ட கட்டுரைகளில், தொழில்மயமான நாடுகளில் மதிப்பெண் பத்தாண்டுக்கு ஏறத்தாழ மூன்று புள்ளி வீதம் உயர்ந்து வந்ததைக் காட்டினார். இரண்டு மூன்று தலைமுறைக்குள் மரபணு மாறியிருக்க முடியாது. ஊட்டம், பள்ளி, சிறிய குடும்பம், படங்களும் குறியீடுகளும் நிறைந்த வாழ்க்கை என்று சூழல்தான் மாறியது.

காளைக்கும் எருமைக்கும் என்ன ஒற்றுமை என்று ஒரு குழந்தையைக் கேட்டால் 'இரண்டும் பாலூட்டி' என்று உடனே சொல்லும்; முழு மதிப்பெண். அதே கேள்வியைக் காங்கேயம் பக்கத்து முதியவர் ஒருவரிடம் கேட்டபோது, 'அதென்னங்க அப்படிக் கேட்டுப்போட்டீங்க, எருமை சேத்துல கிடக்கும், காளை வெய்யில்ல நிக்கும், ரெண்டும் எப்படீங்க ஒண்ணாகும்?' என்றார். கையேட்டின்படி அவருக்குச் சுழியம்தான். மாட்டைப் பற்றி அந்தக் குழந்தைக்குத் தெரிந்ததைவிட நூறு மடங்கு அவருக்குத் தெரியும். பொருள்களைப் பயன்பாட்டிலிருந்து பிரித்து வகைப்படுத்தும் பழக்கத்தைத்தான் பள்ளி அவருக்குக் கொடுக்கவில்லை.

இந்த ஏற்றம் எல்லா இடத்திலும் தொடரவுமில்லை. நார்வேயில் 1970களின் நடுவிலிருந்து பிறந்த ஆண்களின் மதிப்பெண், படையில் சேரும்போது நடத்தும் சோதனையில் குறைந்து வந்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள்ளேயே அந்த இறக்கம் தெரிந்ததால், அதற்கும் சூழலே காரணம் என்று 2018ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

மதிப்பெண்ணை உண்மையிலேயே குறைப்பவை எவை?

பெற்றோர் இதைக் கடைசியாகத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்.

உப்பிலிருந்து தொடங்கலாம். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தைராய்டு சுரப்பு வேண்டும். அந்தச் சுரப்புக்கு அயோடின் வேண்டும். அயோடின் கடுமையாகக் குறைந்த பகுதிகளையும் போதிய அளவு கிடைக்கும் பகுதிகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், இரண்டுக்கும் இடையே 12, 13 புள்ளி வேறுபாட்டைக் கண்டனர். நேரடி உணவுக்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்பது இந்தியாவில் 2006 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. இருந்தும் நம் அடுக்களைகளில் கல் உப்பு மேல் உள்ள பற்று குறையவில்லை. கல் உப்பே வேண்டும் என்போர் அயோடின் சேர்த்த கல் உப்பை வாங்கலாம். உறையில் பார்த்து வாங்கினால் போதும்.

அடுத்தது காரீயம். ஏழு நீண்டகால ஆய்வுகளிலிருந்து 1,333 குழந்தைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்த 2005ஆம் ஆண்டுப் பகுப்பாய்வில், இரத்தத்தில் காரீயம் ஒரு டெசிலிட்டருக்கு 2.4 மைக்ரோகிராமிலிருந்து 10க்கு உயர்ந்தபோது 3.9 புள்ளி சரிந்தது. 10லிருந்து 20க்கு உயர்ந்தபோது மேலும் 1.9 மட்டுமே. முதல் துளிகளே மிகுந்த கேடு செய்கின்றன, 'கொஞ்சம்தானே' என்று விட இடமில்லை. பெட்ரோலில் காரீயம் கலப்பது இந்தியாவில் 2000இல் நின்றது. வீட்டு வண்ணப்பூச்சுக்கு 90 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 90 பங்கு) என்ற காரீய வரம்பு 2017 இறுதியில் நடைமுறைக்கு வந்தது. பழைய வண்ணம் உதிரும் சுவர்களும், பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் இடங்களும் இன்னும் இருக்கின்றன. ஈயச் சொம்பில் ரசம் வைப்பது பற்றிப் பலர் கேட்கிறார்கள்: சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தால், நச்சு காரீயம். இரண்டையும் கலந்து விற்றால் கண்ணால் பிரித்தறிய இயலாது என்பதுதான் சிக்கல்.

மஞ்சள் விளையும் மண்ணில் இருந்துகொண்டு மஞ்சளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வங்கதேசத்தில் மஞ்சளை மெருகேற்றும்போது பளிச்சென்ற நிறத்துக்காகக் காரீயக் குரோமேட் என்ற மஞ்சள் நிறமியைத் தூவி வந்தது 2019இல் ஆய்வுகளால் வெளிப்பட்டது. அரசு நடவடிக்கை எடுத்த பிறகு, சந்தை மாதிரிகளில் கலப்படம் 47 விழுக்காட்டிலிருந்து 2021இல் சுழியத்துக்கு இறங்கியது. தூளாக வாங்காமல் விரலியாக வாங்கி அரைத்தால் கலப்படம் இராது என்று நம் வீடுகளில் நம்புகிறோம். அங்கே நிறமி ஏறியது முழு விரலியின் மேல்தான். ஈரோட்டு ஏலத்தில் விரலியை உடைத்து உள்நிறம் பார்க்கும் வியாபாரியின் பழக்கம் வீட்டுக்கும் நல்லது: உள்ளே மங்கலாகவும் வெளியே கண்ணைப் பறிக்கும் மஞ்சளாகவும் இருந்தால் ஐயப்படலாம்.

மூன்றாவது தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் சேலத்தின் சில பகுதிகளிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுதி. பல்லில் படியும் கறை பலருக்கும் தெரிந்த அடையாளம். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட புளோரைடுக்கும் குழந்தைகளின் குறைந்த ஐக்யூவுக்கும் தொடர்பு உண்டு என்று அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024இல், மிதமான நம்பிக்கையுடன், முடிவு செய்தது. அந்த அளவுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதில் விவாதம் இன்னும் தீரவில்லை. பல்லையும் எலும்பையும் காக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. குழாயில் காவிரி நீர் வரும் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துவது நல்லது.

பணக் கவலை அறிவைக் குறைக்குமா?

இதற்கான பெயர்பெற்ற ஆய்வு தமிழ்நாட்டிலேயே நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரங்களில் 464 கரும்பு விவசாயிகளுக்கு, வெட்டுக்கு முன் கை வறண்டிருந்த காலத்திலும், ஆலைப் பணம் வந்த பிறகும் ரேவன் வகைப் புதிர்கள் கொடுக்கப்பட்டன. முன்பு சராசரியாக 4.35 சரியான விடை, பின்பு 5.45. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட குழுவினர் 2013இல் இதை வெளியிட்டார்கள். இரண்டாம் முறை செய்யும் பழக்கத்தாலேயே மதிப்பெண் உயர்ந்திருக்கலாமே என்ற மறுப்பு எழுந்தது. அறுவடைக்குப் பிறகே முதன்முறையாகச் சோதிக்கப்பட்ட நூறு பேரின் முடிவைக் காட்டி ஆய்வாளர்கள் பதில் சொன்னார்கள். விவாதம் ஓயவில்லை. ஆலை நிலுவைக்காகக் காத்திருந்த எந்தக் கரும்பு விவசாயிக்கும் முடிவு வியப்பளிக்காது என்று மட்டும் சொல்வேன்.

பள்ளிப் படிப்பு ஐக்யூவைக் கூட்டுமா?

கூட்டும். ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டு ஆய்வின்படி, கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒன்று முதல் ஐந்து புள்ளி வரை உயர்த்துகிறது. எட்டாம் வகுப்போடு பிள்ளையைத் தறிக்கும் பனியன் வேலைக்கும் அனுப்பினால் எதை இழக்கிறோம் என்பதற்கு இதைவிட நேரான கணக்கு கிடையாது.

ஆனால் நாமக்கல் பாணி விடுதியில் அதிகாலை முதல் நள்ளிரவு வரை ஒரே விடையை மனப்பாடம் செய்வது இதே பலனைத் தரும் என்று பொருள்கொள்ள வேண்டாம். அது தேர்வு மதிப்பெண்ணை உயர்த்தும். புதிய சிக்கலை அவிழ்க்கும் திறன் வேறு.

அபாகஸ், விரல்ரேகைச் சோதனை, மிட்பிரெய்ன் பயிற்சி: எதில் சேர்க்கலாம்?

அபாகஸ் கணக்கு வேகத்தைக் கூட்டும். வடோதராவில் 204 பள்ளிக் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து மூன்றாண்டு நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், மணிச்சட்டத்தை (அபாகஸை) மனக்கண்ணில் கண்டு கணக்கிடப் பயின்றவர்கள் கணக்கில் முன்னேறினார்கள். நினைவாற்றல் போன்ற பொதுத்திறன்களில் மாற்றமில்லை. கணக்குக்காகச் சேருங்கள், மூளைக்காக வேண்டாம். விரல் ரேகை கருவிலேயே உருவாகி முடிகிறது. அதைப் பார்த்து அறிவின் வகை சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும் 'மிட்பிரெய்ன்' குழந்தைகள் மூக்கின் ஓர இடுக்கு வழியே பார்க்கிறார்கள். இடுக்கை அடைத்துவிட்டால் வித்தை நின்றுவிடும்.

சந்தையில் கணக்கில் புலியான பையன் சோதனையில் திணறுவது ஏன்?

பிரேசிலின் ரெசிஃபி நகரில் தெருவில் விற்கும் ஐந்து சிறுவர்களை ஆராய்ந்த 1985ஆம் ஆண்டுக் கட்டுரையில், வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்கில் 98 விழுக்காடு சரி. அதே கணக்கைத் தாளில் எண்ணாக எழுதிக் கேட்டபோது 37 விழுக்காடு மட்டுமே. தில்லி, கொல்கத்தா சந்தைகளில் நடத்திய பெரிய ஆய்வு 2025இல் அதையே காட்டியது. கூடவே, பள்ளிக் கணக்கில் தேறிய குழந்தைகள் சந்தைக் கணக்கில் திணறுவதையும் காட்டியது. உழவர் சந்தையில் ஒன்றேகால் கிலோ தக்காளிக்கு மனத்தாலேயே விலை சொல்லும் சிறுவனிடம் குறையில்லை. ஓர் இடத்தில் கற்றதை மறு இடத்துக்குக் கொண்டுசெல்லும் பாலத்தைப் பள்ளி கட்டவில்லை.

70க்குக் கீழே வந்தால் அறிவுத்திறன் குறைபாடு என்று முடிவா?

எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. உடுத்துதல், உண்ணுதல், பழகுதல், பணத்தைக் கையாளுதல் போன்ற அன்றாடத் திறன்களையும் அளந்து, இரண்டிலும் பின்தங்கல் இருந்தால்தான் அந்தப் பெயரை இடலாம். காதும் கண்ணும் சரியாக இருக்கின்றனவா என்றும் தைராய்டும் முதலில் பார்க்கப்பட வேண்டும். காது சரியாகக் கேட்காத குழந்தையை மந்தம் என்று பல ஆண்டுகள் நம்பியிருந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

சோதனை நாளன்று என்ன செய்ய வேண்டும்?

முந்தைய இரவு நன்றாகத் தூங்க விடுங்கள். காலையில் சாப்பிட வைத்து அழைத்து வாருங்கள். கண்ணாடி போடும் குழந்தை என்றால் கண்ணாடியை மறக்க வேண்டாம். காய்ச்சலோ சளியோ இருந்தால் நாளை மாற்றிக் கேட்பதில் தவறில்லை. இணையத்தில் கிடைக்கும் வினாக்களைக் காட்டிப் பழக்கப்படுத்தினால் எண் கூடும், ஆனால் அந்த எண்ணால் குழந்தைக்கு எந்த உதவியும் கிடைக்காது. எந்தச் சோதனை, எந்த ஆண்டுப் பதிப்பு, எந்த மொழியில் நடத்தப்பட்டது என்பவற்றை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். அதே சோதனையை மறுபடி நடத்த ஓராண்டாவது இடைவெளி விடுவது நல்லது.